என் குழியில் இருப்பவர்

1

வாரத்தில் மூன்று நாள், காலை ஆறே முக்கால் மணிக்கு, ஒரு செவிலியர் என் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்கிறார். அவருக்கு என்னைப் பத்து வருடமாகத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு என் மனைவி முறுக்கு சுட்டு அனுப்பினால், டப்பாவைக் கழுவித் துடைத்துத் திருப்பித் தருகிறவர். ஆனாலும் கேட்டுவிட்டுத்தான் ஊசி குத்த வேண்டும் என்பது இந்த நாட்டு ஆஸ்பத்திரி விதி. நானும் ஒப்பிக்கிறேன்: சூசை மாணிக்கம், மார்ச் பத்தொன்பது. சூசையப்பர் திருநாளில் பிறந்ததால் அந்தப் பெயர். வருடத்தையும் சொன்ன பிறகு இடது கையில் இரண்டு ஊசிகள் ஏறும். ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போகும். இயந்திரத்தில் சுற்றிச் சுத்தமாகி மற்றொன்றின் வழியாகத் திரும்பி வரும். நான்கு மணி நேரம் இப்படி. என் ரத்தம் எனக்கு வெளியே ஓடுவதைப் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன்.

இருப்பது வடக்கு இத்தாலியில், மலையடிவாரத்தில், தோல் பதனிடும் தொழிற்சாலைகள் நிறைந்த ஒரு சிறு ஊர். ஆம்பூரில் தோல் ஷாப் என்று சொல்லும் பதனிடும் ஆலையில் வேலை கற்ற என்னை, தோலுக்குக் கடைசி மெருகு ஏற்றும் வேலைக்காக இருபத்தாறு வருடம் முன்பு இங்கே கூப்பிட்டார்கள். வந்திறங்கிய அன்று மழை. காற்றில் வந்த வாடையில் ஒரு கணம் ஆம்பூர் ரெட்டித்தோப்பு ரயில்வே கேட்டில் நிற்பதாகவே நினைத்துவிட்டேன். சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த வாடைக்கு மொழி கிடையாது. இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. வாடை மட்டும் ஓய்வு பெறவில்லை.

இடது கையை அசைக்கக் கூடாது. வலது கையால் செபமாலை உருட்டுவேன். என் நாட்கள் செவ்வாய், வியாழன், சனி. செபமாலையோடு தியானிக்கத் திருச்சபை வகுத்த முறைப்படி, செவ்வாய்க்கு இயேசுவின் பாடுகளைச் சொல்லும் துயர் நிறை மறையுண்மைகள், வியாழனுக்கு ஒளி நிறை, சனிக்கு மகிழ்ச்சி நிறை. உயிர்த்தெழுதலைச் சொல்லும் மகிமை நிறை மறையுண்மைகள் புதனுக்கும் ஞாயிறுக்கும் உரியவை. ஆகவே என் நாற்காலிக்கு உயிர்ப்பு வருவதேயில்லை. தேதி குறிக்கும் பழக்கம் உள்ளவனுக்கு இப்படிப்பட்டவை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். பதினாறு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். விட்டுப்போனவை நான்கு நாட்கள் மட்டும். இந்தக் குறிப்பு அந்த நான்கு நாட்களைப் பற்றியது.

2

போன வருடம் ஆகஸ்டில் என் மகள் ஜெசிந்தா வந்து, பேரனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். எனக்கு நம்ப முடியவில்லை. ஏழு வயதில் இங்கே வந்தவள். பதினைந்து வயதுக்குப் பிறகு கோவிலுக்கு வந்ததில்லை. தமிழ் பேசுவாள், ஆனால் இத்தாலிய ராகத்தில். என்னை அப்பா என்று கூப்பிடுவதை எப்போதோ விட்டுவிட்டு, இந்த ஊர்ப் பிள்ளைகள் போலப் பப்பா என்பாள்.

"உங்களுக்காகத்தான் பப்பா. எனக்காக இல்ல. நீங்களே ஞானத்தகப்பனா நில்லுங்க."

"தாத்தா நிக்கலாமா?"

"சாமியார்கிட்ட கேட்டுட்டேன். நிக்கலாம். உங்க ஞானஸ்நானப் பேப்பர் மட்டும் வேணுமாம்."

ஆம்பூரில் இருக்கும் தம்பி லூர்துவிடம் சொன்னேன். அவன் எலக்ட்ரீஷியன். கோவில் ஃபேன்களெல்லாம் அவன் கைப்பட்டவை. பங்கு அலுவலகத்தில் அவனுக்கு மறுப்பு கிடையாது. செப்டம்பர் 12 அன்று சான்றிதழைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பினான். அவன் படித்துப் பார்க்கவில்லை. நான் படித்தேன். பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், எல்லாம் சரி. கடைசியில் 'குறிப்பு' என்ற இடத்தில், புதிதாக வேலைக்கு வந்த பெண் பதிவேட்டின் ஓரத்தில் இருந்ததை அப்படியே எடுத்து எழுதியிருந்தாள்:

இறந்தார். அடக்கம் செப்டம்பர் 15. அடக்கப் பதிவேடு எண் 31.

வருடத்தைப் பார்த்தேன். பத்து ஆண்டுகளுக்கு முந்தையது.

லூர்துவைக் கூப்பிட்டேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான்.

"இன்னாண்ணா இது, உன்ன ஃபைல்லயே குளோஸ் பண்ணிட்டானுங்க!"

"அடக்கப் பதிவேட்டப் போய்ப் பாரு."

"அது அந்த வாழக்கட்ட விவகாரம்ணா. எழுதிட்டு அடிக்க மறந்திருப்பாரு, அப்போ கோவில் புக்கு எழுதின உபதேசியாரு."

மறுநாள் போய்ப் பார்த்தான். பெயர், வயது, நோய், நோயில் பூசுதல் பெற்றார், குடும்ப வரிசையில் இரண்டாவது குழி என்று ஒரு முழு வரி இருந்தது. பங்குத் தந்தையின் கையெழுத்தும் இருந்தது. அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. இங்கே சாமியாரிடம் காட்டினேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, இறந்துபோனவர் என்று எழுதப்பட்டவரை ஞானத்தகப்பனாக எழுத அவரால் முடியாது என்றும், அங்கே முதலில் திருத்தி வாங்கி வரும்படியும் சொன்னார்.

3

வாழைக்கட்டை விவகாரம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கை.

பத்து வருடம் முன்பு செப்டம்பர் 8, ஆரோக்கிய மாதா திருநாளுக்கு ஊருக்கு வந்திருந்தேன். 11ஆம் தேதி சிறுநீர் நின்றது. 12ஆம் தேதி வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன, இதயமும் பலவீனம், இயந்திரத்தில் போட ரத்த அழுத்தம் இடம் கொடுக்கவில்லை. 14ஆம் தேதி, ஞாயிறு, திருச்சிலுவை மகிமை விழா. பூசை முடிந்ததும் எங்கள் பங்குச் சாமி வேலூருக்கு வந்து எனக்கு நோயில் பூசுதல், அதாவது சாகக் கிடப்பவர்களுக்கான கடைசி எண்ணெய்ப் பூசுதல், கொடுத்தார். நெற்றியில் எண்ணெய் பட்டது நினைவிருக்கிறது.

எங்கள் கல்லறைத் தோட்டம் மலையை ஒட்டியது. ஒரு முழம் தோண்டினால் பாறை. கடப்பாரையும் உளியுமாக ஒரு குழிக்கு ஒரு பகல் முழுக்கப் பிடிக்கும். அதனால் ஒருவருக்குக் கடைசிப் பூசுதல் ஆனதும் குழிக்குச் சொல்லிவிடுவது எங்கள் பங்கில் வழக்கம். அதில் யாரும் குற்றம் காண மாட்டார்கள். லூர்து அழுதுகொண்டே ஃபோன் செய்து குழிக்குச் சொன்னான். அன்று பொழுது சாய்வதற்குள், எங்கள் அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் எனக்கு வெட்டி முடித்துவிட்டார்கள்.

திங்கள் விடியற்காலை டாக்டர்கள் துணிந்து என்னை இயந்திரத்தில் போட்டார்கள். நான் பிழைத்துக்கொண்டேன்.

வெட்டிய குழியை வெறுமனே மூடினால் அது வேறொரு ஆளைக் கேட்கும் என்பார்கள். எனவே ஆள் உயரத்துக்கு ஒரு வாழைக்கட்டையை வைத்து மூடுவார்கள். செவ்வாய்க்கிழமை லூர்து வந்து என் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாகச் சொன்னான்: "உனக்குப் பதிலா வாழக்கட்டய அனுப்பியாச்சுண்ணா. உபதேசியாரே கூட இருந்து பாத்துக்கினாராம்."

இதைப் பத்து வருடமாக விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறோம். நாட்குறிப்பில் 12 முதல் 15 வரை வெற்றுத்தாள்கள். 16ஆம் தேதி, நடுங்கும் கையெழுத்தில், முந்தின நாளைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறேன்: 'திங்கள். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று. வாய் நிறைய மண் ருசி. துப்பினேன். ஒன்றும் இல்லை.'

சிறுநீரகம் கெட்டவர்களுக்கு வாயில் உலோகம் போல, மண் போல ருசி வருவது சாதாரணம் என்று பிற்பாடு டாக்டர் விளக்கினார். விளக்கத்தையும் அடியில் எழுதி வைத்தேன்.

இன்னும் இரண்டு பதிவுகள் உண்டு. இரண்டு மழைக்காலம் கழித்து லூர்து ஃபோனில் சொன்னது: "குழி மேடு உள்வாங்கிக்கிச்சுண்ணா. ஒரு முழம் இறங்கிப் போச்சு. வாழக்கட்ட மக்கினா இவ்ளோவா இறங்கும்?" நாலு கூடை மண் போட்டு நிரவினானாம். அடுத்தது அதற்கும் அடுத்த வருடம், கல்லறைத் திருநாள், நவம்பர் 2. அவன் அப்பாவுக்கு மெழுகுவத்தி ஏற்ற ஏழு மணிக்குப் போனபோது, என் மேட்டில் ஏற்கெனவே ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பிடி சாமந்தி. அதற்கு அடுத்த வருடமும் அப்படியே. அதற்கு அடுத்த வருடமும்.

"உயிரோட இருக்கிறவனுக்கு எவனோ மெழுகுவத்தி வெக்கிறான்" என்று லூர்துவின் மனைவி பயந்தாள். செய்வினை என்று அவளுக்குச் சந்தேகம். லூர்து ஒவ்வொரு வருடமும் அதைக் காலால் தட்டி அணைத்து, சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டுத்தான் அப்பாவுக்கு ஏற்றுவான். நான் இங்கே செவ்வாய், வியாழன், சனி என்று படுத்திருப்பேன்.

4

உபதேசியார் ஞானப்பிரகாசம் இப்போது வேலூர் சத்துவாச்சாரியில் மகன் வீட்டில் இருக்கிறார். நாற்பது வருடம் எங்கள் கோவிலில் மணி அடித்து, மறைக்கல்வி நடத்தி, சாமியார் இல்லாத நாட்களில் அடக்கமும் செய்து வைத்தவர். நடக்க முடியாது. லூர்து போய் அவர் முகத்துக்கு நேராக ஃபோனைப் பிடித்தான்.

திரையில் என்னை வெகுநேரம் பார்த்தார்.

"சூசையா?"

"ஆமாங்க ஐயா."

"உயிரோட தான இருக்க?"

"இருக்கேங்க ஐயா."

"ஸ்தோத்திரம். உன் மூஞ்சப் பாத்து சொல்லணும்னுதான் என்ன விட்டு வெச்சிருக்காரு போல."

லூர்து இடையில் புகுந்தான். "ஐயா, அந்த வரிய அடிக்க மறந்துட்டீங்களான்னு கேக்கறாரு."

"மறக்கலடா. அடிக்க முடியல." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஞாயித்துக்கெழம சாயங்காலமே எழுதி வெச்சிட்டேன். சாமி மறுநாள் தியானத்துக்கு ஒரு வாரம் போறாரு. எல்லாம் ரெடியா இருக்கட்டும்னு எழுதினேன். திங்கக்கெழம காலைல நீ பொழச்ச சேதி வந்துச்சு. வாழக்கட்டைக்கு ஆள அனுப்பினேன். அந்த நேரம் ஆறு பசங்க ஒரு மினி லாரில வந்து நின்னானுங்க. தோல் ஷாப்புல வேல செய்ற ஜார்க்கண்ட் பசங்க. ஒருத்தன பாயில சுத்திக் கொண்டாந்திருந்தானுங்க. மஞ்சக் காமாலை. ரூம்லயே போய்ட்டான். ஊருக்கு எடுத்துக்கினு போக வழி இல்ல. கையில செபமால சுத்தியிருந்துச்சு. நம்ம சபை ஆளு."

அவர் கண்ணைத் திறந்து நேராக என்னைப் பார்த்தார்.

"குழி ரெடியா இருந்துச்சுப்பா. பாறைல இன்னொண்ணு வெட்ட ஒரு நாள் ஆவும். வெயிலு. அந்த உடம்பு தாங்காது. உங்க குடும்ப எடம்னு தெரியும். கேட்டா நீ குடுப்பியோ மாட்டியோன்னு கேக்கல. நானே செபம் சொல்லி வெச்சிட்டேன். உங்க வீட்ல வாழக்கட்டன்னு சொன்னேன்."

"எத்தனை மணிக்குங்க ஐயா?" என்று நான் கேட்டேன்.

"இன்னாது?"

"எத்தனை மணிக்குக் குழிக்குள்ள வெச்சீங்க?"

யோசிக்கவேயில்லை. "பதினொண்ணு. பன்னண்டு மணி மாதா மணி அடிக்கறதுக்குள்ள திரும்பிட்டேன்."

நான் ஃபோனைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, சமையலறைக்குப் போய்த் தண்ணீரால் வாய் கொப்பளித்தேன். எனக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு உண்டு. அன்று விழுங்காமல் துப்பினேன்.

திரும்பி வந்தபோது அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். பதிவேட்டில் என் பெயரை அடிக்க வேண்டுமானால் சாமியிடம் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் இடத்தைக் கேட்காமல் கொடுத்தது வெளியே வரும். நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு நாள் தள்ளினார். மாதக் கடைசியில் சாமி பக்கத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். 32 எழுதியாயிற்று, 33 எழுதியாயிற்று. நடுவில் நுழைக்க இடமில்லை.

"பேரு ஞாபகம் இருக்கா ஐயா?"

"மார்க்கஸ். மார்க்கஸ் டோப்போ. பத்து வருசமா தெனம் பூசைல மனசுக்குள்ள சொல்றேன். வாய விட்டுச் சொன்னது இன்னைக்குத்தான்."

"கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி வெக்கிறது நீங்களா?" என்றான் லூர்து.

"நானா? எனக்குக் கக்கூசுக்குப் போறதுக்கே ரெண்டாளு வேணும்டா."

5

நவம்பர் 2 அந்த வருடம் சனிக்கிழமை. விடிந்ததும் லூர்து கல்லறைத் தோட்டத்துக்குப் போய், எங்கள் அப்பாவின் சிலுவைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். பயமாக இருந்தது என்று பிறகு ஒப்புக்கொண்டான். ஆறு மணிக்கு ஒரு பெண் வந்தாள். ஷூ கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. வேலைக்குப் போகும் வழி. முப்பது வயதிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டின் தலைமாட்டில் மெழுகுவத்தியை நட்டாள்.

"யாரும்மா நீ? எங்க அப்பா எடத்துல இன்னா பண்ற?"

அவள் திடுக்கிட்டு எழவில்லை. சாமந்தியைப் பிரித்து வைத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"உங்க அப்பாவ ஒண்ணும் பண்ணல சார். எங்க அண்ணன் இங்க இருக்காரு."

பெயர் சுசீலா டோப்போ. அண்ணன் இறந்த இரண்டாவது வருடம் அதே ஊருக்கு வேலைக்கு வந்தவள். பாயில் சுற்றித் தூக்கி வந்த ஆறு பேரில் ஒருவன் திருப்பூருக்கு மாறிப்போகும் முன் இடத்தைக் காட்டியிருக்கிறான். அவள் பங்கு அலுவலகத்தில் கேட்டாள். பதிவேட்டைப் பார்த்தார்கள். அன்றைய தேதியில் ஒரே ஒரு அடக்கம்தான், அது சூசை மாணிக்கம் என்பவர், உன் அண்ணன் இங்கே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எழுத்து அப்படித்தானே இருந்தது.

"பேப்பர் எதுக்கும்மா?"

"அண்ணிக்கு சார். அண்ணிக்கு அப்ப இருவத்திமூணு வயசு. ஜார்க்கண்ட்ல கும்லா பக்கம் எங்க ஊர். அங்க ஒருத்தர் அண்ணிய கட்டிக்கறேன்னு ஆறு வருசமா சொல்றாரு. நல்ல ஆளு. ஃபாதர் கல்யாணம் பண்ணி வெக்க மாட்டாரு. புருசன் செத்த பேப்பர் கேக்கறாரு. ரூம்ல செத்ததுக்கு ஆஸ்பத்திரி சீட்டு இல்ல. கூட்டி வந்த மேஸ்திரி எங்கியோ போய்ட்டான். கோயில் புக்குல மட்டும்தான் இருக்கும்னு வந்தேன். கோயில் புக்குல வேற ஆளு இருக்காரு."

"அந்த வேற ஆளு எங்க அண்ணன். உயிரோட இருக்காரு."

அவள் மேட்டைப் பார்த்தாள். பிறகு இவனைப் பார்த்தாள்.

"உயிரோடயா? நான் அவருக்கும் சேத்துதான் சார் செபம் பண்ணுவேன். மார்க்கஸும் சூசை மாணிக்கமும் ஒரே எடத்துல படுத்துக்கினு இருக்காங்கன்னு நெனச்சேன். வருசா வருசம் ரெண்டு பேர் பேரும் சொல்லுவேன்." கொஞ்சம் பொறுத்து, "மெழுகுவத்தி மட்டும் நிக்கறதில்ல சார். சாயங்காலம் வந்து பாத்தா சுவருக்கு அந்தப் பக்கம் கெடக்கும். நாய் கவ்விக்கினு போவும்னு நெனப்பேன்" என்றாள்.

லூர்து அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் சொன்னான். "ஏழு வருசம் தூக்கி எறிஞ்சிருக்கேண்ணா" என்று ஃபோனில் குழந்தை மாதிரி அழுதான்.

நான் அன்று இயந்திரத்தில் இருந்தேன். ஒரு அந்நியப் பெண் எட்டு வருடமாக என் ஆன்மா இளைப்பாற வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள். அந்த எட்டு வருடத்தில் இரண்டு முறை என் இதயம் நின்று திரும்ப ஓடியிருக்கிறது. தேதிகளை எடுத்துப் பார்த்தேன். ஒன்று நவம்பர் 2க்கு மறுநாள். மற்றது ஏப்ரலில். ஏப்ரலும் இருப்பதால், நான் இதிலிருந்து எந்த முடிவுக்கும் வரவில்லை.

6

ஆயர் இல்லத்தில் கேட்டு லூர்து சொன்னது இது. பதிவேட்டில் எதையும் அழிக்க முடியாது. ஓரத்தில் சிவப்பு மையில் திருத்தம் எழுதலாம். அதற்கு மூன்று சாட்சியம் வேண்டும். உபதேசியார் தன் கைப்பட எழுத வேண்டும், மார்க்கஸைத் தூக்கி வந்தவர்களில் திருப்பூரில் இருப்பவன் எழுத வேண்டும். மூன்றாவதாக, சூசை மாணிக்கம் தான் உயிரோடிருப்பதாகவும், அந்தக் குழியில் தான் இல்லை என்றும் தன் பங்குச் சாமியார் முன்னிலையில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். கூடவே நகர மன்றத்தின் உயிர்வாழ் சான்று.

நகர மன்ற ஜன்னலில் இருந்த பெண், சான்று எதற்காக என்று கேட்டாள். எனக்கு இத்தாலிய மொழி தொழிற்சாலையில் கற்றது. ரசாயனம் பேசுவேன், சாவு பேசத் தெரியாது. ஜெசிந்தா மொழிபெயர்த்தாள்.

"இவர் புதைக்கப்படவில்லை என்று காட்டுவதற்கு."

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள், என் இடது கையில் புடைத்திருந்த நரம்பைப் பார்த்தாள், முத்திரை குத்தினாள்.

பத்து வருடமாக நான் கடவுளிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வந்திருக்கிறேன். இதயம் சரியில்லாததால் எனக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடையாது. இனி எந்த வேலைக்கும் ஆகாத உடம்பை ஏன் இப்படி இயந்திரத்தில் கட்டிப்போட்டு வைத்திருக்கிறீர் என்று கேட்பேன். வேதனையை ஒப்புக்கொடுங்கள் என்று சாமியார்கள் சொல்வார்கள். ஒப்புக்கொடுத்தேன். யார் வாங்கிக்கொண்டார்கள் என்று தெரியவில்லை. நாலு மணி நேரம் கூரையையே பார்ப்பவனுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

அந்தச் சாட்சியத்தை எழுத உட்கார்ந்தபோது எனக்குப் புலப்பட்டது சிறிய விஷயம். மார்க்கஸ் எனக்குப் பதிலாகச் சாகவில்லை. அப்படி யோசிப்பது அவனுக்கு அவமரியாதை. அவன் காமாலையில் செத்தான், அவனுக்கென்று மனைவி இருந்தாள், ஊர் இருந்தது. ஆனால் அந்தக் குழியில் நான் இல்லை என்று சொல்ல, உலகத்தில் ஒரே ஒருவனால்தான் முடியும். அந்த ஒருவன் உயிரோடு இருக்க வேண்டும். ஓட வேண்டாம், வேலை செய்ய வேண்டாம், பெயரும் பிறந்த தேதியும் சொல்லிக் கையெழுத்துப் போடும் அளவுக்கு உயிர் இருந்தால் போதும். பத்து வருடமாக வாரம் மூன்று முறை நான் ஒத்திகை பார்த்தது இதைத்தான்.

அவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகும் மூன்று வாரம் கையெழுத்துப் போடவில்லை. அதையும் எழுத வேண்டும்.

காரணம் லூர்து சொன்ன ஒரு யோசனை. "குழியத் தொறந்து எலும்ப எடுத்து, மரியாதையா பொதுக் குழில வெச்சிடலாம்ணா. பழைய கல்லறைக்கெல்லாம் செய்யறதுதான். அப்பா பக்கத்துல உன் எடம் உனக்கு வந்துடும். அப்புறம் புக்குல எழுதட்டும்."

வெளிநாட்டில் நோயோடு இருப்பவர்களுக்குத் தெரியும், சாவைவிடப் பெரிய பயம் எங்கே வைப்பார்கள் என்பது. அப்பாவுக்குப் பக்கத்தில் அந்த ஆறடி இருக்கிறது என்ற நினைப்பில்தான் இத்தனை வருடம் இங்கே நிம்மதியாகக் கிடந்தேன். அந்த இடத்தின் படம் என் பர்ஸில் இருக்கிறது. குழியைத் திறக்க வருவாய்த் துறை அனுமதி வேண்டும். அது ஆறு மாதமும் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம். அதுவரை அந்தப் பெண்ணின் கல்யாணம் நிற்கும். சுசீலாவின் அம்மாவோ, ஒருமுறை ரயிலேறி வந்து மகன் படுத்திருக்கும் மண்ணைத் தொட வேண்டும் என்கிறாளாம்.

நாளைக்குப் போடலாம் என்று ஒரு நாள் தள்ளினேன். மறுநாளும் தள்ளினேன். மூன்றாவது வாரத்தில், சாம்பல் புதன் அன்று, நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்து கண்ணாடியில் முகத்தைப் பார்த்தபோது உபதேசியார் ஞாபகம் வந்தார். அவரும் ஒரு நாள்தான் தள்ளினார்.

லூர்துவைக் கூப்பிட்டேன்.

"குழியத் தொட வேணாம். மார்க்கஸ் அங்கியே இருக்கட்டும்."

"அப்போ நீ?"

"நான் இங்க பாத்துக்கறேன்."

"எங்கண்ணா பாத்துப்ப? அங்க நமக்கு யாரு இருக்கா?"

"மார்க்கஸுக்கு ஆம்பூர்ல யாருடா இருந்தாங்க?"



உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பிறகு திருத்தம் எழுதப்பட்டது. எண் 31, ஓரத்தில், சிவப்பு மையில். கும்லாவில் மூன்று ஞாயிறு கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, மே மாதம் மார்க்கஸின் மனைவிக்குக் கல்யாணம் நடந்தது. என் சான்றிதழும் குறிப்பு எதுவும் இல்லாமல் சுத்தமாக வந்து, ஜூனில் நான் பேரனைக் கையில் ஏந்தி நின்றேன். வலது கையில். இடது கையில் எடை தூக்கக் கூடாது.

7

இந்த வருடம் நவம்பர் 2 ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் இந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றேன். மனைவிக்கு முழங்கால் வலி. ஜெசிந்தா குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு தானே வருவதாகச் சொன்னாள்.

இங்கே பலரை மண்ணில் வைப்பதில்லை. சுவரில் அலமாரி போல அடுக்கடுக்காக அறைகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் பெயர், படம், ஒரு சின்ன மின்விளக்கு. பகலிலும் அணையாது. முந்நூறு பேர் சிவப்புக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நம்மைப் பார்ப்பது போலிருக்கும். மேல் வரிசையில் சில அறைகள் திறந்து காலியாக இருந்தன. உள்ளே இருட்டு. தள்ளுவண்டியிலிருந்து பேரன் அந்த இருட்டைப் பார்த்து, யாரையோ பார்த்தது போலக் கையை ஆட்டிச் சிரித்தான். ஜெசிந்தா வண்டியைச் சட்டென்று திருப்பினாள்.

"இங்கியா பப்பா?"

"இங்கதான். உயரமா வேணாம். கீழ வரிசை இருந்தா நல்லது."

"ஏன்?"

"உனக்கு எட்டணும்ல."

அவள் குனிந்து கீழ் வரிசை அறை ஒன்றின் விளிம்பைத் தொட்டாள். பிறகு, "அப்போ வருசா வருசம் நான் வரணும்" என்றாள். கேள்வியாகவும் இல்லை, வாக்காகவும் இல்லை. என்ன செபம் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். இன்று ஞாயிறு, மகிமை நிறை மறையுண்மைகள் என்றேன். முதல் பத்து மணிகளை இருவரும் சொன்னோம். அருள் நிறைந்த மரியே அவளுக்குப் பாதிதான் தமிழில் ஞாபகம் இருந்தது. மீதியை இத்தாலிய மொழியில் முடித்தாள்.

காலையில் லூர்து அனுப்பியிருந்த படத்தை அங்கேதான் அவளுக்குக் காட்டினேன். அப்பாவின் சிலுவைக்குப் பக்கத்தில் புதிய சிமெண்ட் சிலுவை, அதில் மார்க்கஸ் டோப்போவின் பெயர். அவள் விரலால் படத்தைப் பெரிதாக்கினாள்.

"மார்க்கஸ் மேல ஏன் ரெண்டு மெழுகுவத்தி?"

நான் கவனித்திருக்கவில்லை. லூர்துவைக் கூப்பிட்டேன். அங்கே மாலை நான்கு மணி.

"அது சுசீலா வெச்சதுண்ணா. இன்னொண்ணு யாருக்கும்மான்னு கேட்டேன். உங்க அண்ணனுக்குத்தான் சார், எட்டு வருசப் பழக்கம், கை தானா நட்டுடுச்சுன்னு சொல்லுது. உயிரோட இருக்கிறவருக்கு வெக்கலாமான்னு அதுவே பயந்து கேக்குது."

"நீ எடுத்துட்டியா?"

"இல்லண்ணா." அவன் குரல் தாழ்ந்தது. "இந்த வருசம் கைய வெக்கல. நாய் வராம நானே பக்கத்துல உக்காந்துக்கினேன். ரெண்டும் முழுசா எரிஞ்சு முடிஞ்சுது."